வீல் ஆஃப் டைம் சீரிஸ்: பீச் ரோட்டுல நாங்க போட்ட சண்டையும் என் ரிவ்யூவும்

மூணு சீசன், சீசனுக்கு 8னு மொத்தம் 24 எபிசோடு, எல்லாத்தையும் ரெண்டாவது தடவ முழுசா பாத்துட்டுத்தான் இத எழுதுறேன். முதல் தடவ பாத்தப்போ புக்குல இப்டி இல்லையே அப்டி இல்லையேன்னு கணக்கு பாத்துகிட்டே இருந்ததுல பாதி சீன் மனசுலயே நிக்கல, அதனால இன்னொரு தடவ நிதானமா பாத்தேன். ஸ்பாய்லர் நெறைய இருக்கு, பாக்காதவங்க பாத்துட்டு வந்து படிங்க.

இந்த கதைக்கும் எனக்கும் உள்ள பழக்கத்த மொதல்ல சொல்லிடறேன், இல்லன்னா நான் ஏன் இவ்ளோ டென்ஷன் ஆவுறேன்னு புரியாது. 2011 டிசம்பர் 30, தானே புயல். எங்க வீடு கடலூர் மஞ்சக்குப்பம். காலைல எழுந்து பாத்தா தெருவே தெரியல, மரமா கெடக்குது, பண்ருட்டி பக்கம் பலா முந்திரி எல்லாம் வேரோட சாஞ்சிடுச்சின்னு சொந்தக்காரங்க அழுதுகிட்டு வர்றாங்க. கரண்ட் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. அந்த நாள்ல சித்தப்பா ஒரு தடி புக்கு குடுத்தாரு, பாண்டி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுல பழைய புக்கு கடைல வாங்குனது, அட்ட கிழிஞ்சி இருக்கும். ராபர்ட் ஜோர்டன் எழுதுன வீல் ஆஃப் டைம்ங்கற மாயாஜாலக் கதையோட முதல் புக்கு, 1990ல வந்தது. திண்ணைல ஒக்காந்து வெளிச்சம் இருக்குற வரைக்கும் படிப்பேன், இருட்டுனதும் அந்த கதை மண்டைக்குள்ள ஓடிகிட்டே இருக்கும். அப்போ கடைசி புக்கு இன்னும் வரவே இல்ல. ஜோர்டன் 2007லயே இறந்துட்டாரு, அவரு விட்டுட்டுப் போன குறிப்ப வச்சி பிராண்டன் சாண்டர்சன் எழுதி முடிச்ச 14வது புக்கு 2013 ஜனவரிலதான் வந்துச்சி. நானும் அதுக்காக காத்திருந்த ஆளு. அப்புறம் வேலைக்கு பாண்டி வந்ததும் தினமும் பஸ்சுல ரெட்டிச்சாவடி, கன்னியகோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம்னு போற வழி பூரா அந்த புக்குங்கதான், சிலத மூணு தடவ கூட படிச்சிருக்கேன்.

அதனால 2021 நவம்பர்ல அமேசான் பிரைம்ல சீரிஸ் வந்தப்போ லீவு போட்டு பாத்தேன். முதல் எபிசோடுலயே மனசு விட்டுப் போச்சு. பெரின்னு ஒரு பையன், கொல்லுப்பட்டறைல வேல கத்துக்கறவன், புக்குல அவனுக்கு அப்போ கல்யாணமே ஆவல. சீரிஸ்ல அவனுக்கு ஒரு பொண்டாட்டிய குடுத்து, ட்ராலக்குன்னு மிருக மூஞ்சி அரக்கனுங்க ஊருக்குள்ள பூந்த ராத்திரில அவன் கையாலயே அந்த பொண்ணு செத்துப் போற மாதிரி வச்சிட்டாங்க. அவனுக்கு தன் கோவத்த பாத்து பயம், அத காட்டணும்னு வச்சிருக்காங்க, அது புரியுது. ஆனா புக்குல அந்த பயம் எப்டி வருதுன்னா, தன் உடம்பு பலம் என்னன்னு தெரிஞ்ச பையன் சின்ன வயசுலேர்ந்தே எல்லாத்தையும் பாத்து பாத்து பண்ணுவான், வாய தொறந்து பேசுறதுக்கே நேரம் எடுத்துக்குவான், அப்புறம் கோடாலியா சுத்தியலான்னு புக்கு புக்கா யோசிப்பான். அத்தன மெதுவா வளர்ற ஒரு விஷயத்த ஒரே ஒரு சாவுல முடிச்சா, அந்த பொண்ணுக்கும் நியாயம் பண்ணல, அவனுக்கும் பண்ணல. அந்த பொண்ணு யாரு, எப்டி பேசுவா, எதுக்கு சிரிப்பானு ஒண்ணும் நமக்கு தெரியாம போயிடுச்சி.

முதல் சீசனோட கடைசி எபிசோடு இன்னும் மோசம். அதுக்கு காரணமும் இருக்கு, நியாயமா அதையும் சொல்லணும். ப்ராக்ல ஷூட்டிங் நடக்கும்போதே 2020ல கொரோனா வந்து நின்னு போச்சு, மேட் வேஷம் போட்ட நடிகர் நடுவுலயே விலகிட்டாரு, கடைசி ரெண்டு எபிசோட மாத்தி எழுத வேண்டியதாச்சி. கதாநாயகன் ராண்ட், மேட், பெரின்னு முக்கியமான மூணு பசங்கள்ல ஒருத்தன் வழில நின்னுட்டு கூட வராம போறது கதைல எவ்ளோ பெரிய ஓட்டன்னு புக்கு படிச்சவங்களுக்கு தெரியும். ரெண்டாவது சீசன்லேர்ந்து டோனல் ஃபின் மேட்டா வந்தாரு, வந்த கொஞ்ச நேரத்துலயே இவன்தான்டா மேட்னு சொல்ல வச்சிட்டாரு.

இப்போ பாண்டி பீச் ரோடு கதைக்கு வர்றேன். நாங்க நாலு பேரு, சாயங்காலம் 6 மணிக்கு மேல வண்டி விடமாட்டாங்கல்ல, அப்போ காந்தி சிலைக்கு பக்கத்துல ஒக்காந்து சுண்டல் வாங்கிகிட்டு பேச ஆரம்பிச்சா எட்டு ஒம்பது ஆயிடும். நான், முத்தியால்பேட்ட ஃப்ரெண்டு ஒருத்தன், அவன் 14 புக்கும் படிச்சவன், எங்க அத்த பையன், அவன் ஒரு பக்கம் கூட படிக்கல, அப்புறம் எங்க ஆபீஸ் அக்கா, தேவனாம்பட்டினம் அவங்க ஊரு, மீனவர் குடும்பம், அவங்களும் அப்ப வரைக்கும் சீரிஸ் மட்டும்தான்.

அக்காவுக்கு இந்த சீரிஸ் பிடிச்சதே சுவான் சான்சேவாலதான். முதல் சீசன் ஆறாவது எபிசோடு ஆரம்பம் ஞாபகம் இருக்கா? ஆத்துல ஒரு அப்பாவும் சின்ன பொண்ணும் படகுல மீன் புடிச்சிட்டு வருவாங்க, அந்த பொண்ணுதான் சுவான், அவகிட்ட மாய சக்தி இருக்குன்னு தெரிஞ்சி வீட்ட கொளுத்திடுவானுங்க, அப்பா அவள தனியா அனுப்பி வைப்பாரு. அந்த மீன்காரர் பொண்ணு வளந்து, சக்தி இருக்குற பொண்ணுங்களோட கோட்டையான வெள்ள கோபுரத்துக்கே தலைவி ஆவுறா, ராஜாங்க ராணிங்களே பயப்படுற எடம் அது. சோஃபி ஒகோனெடோ அந்த வேஷத்துல வர்ற நேரம் கம்மிதான், ஆனா நாற்காலில ஒக்காந்து பாக்குற பார்வைலயே அந்த ஆத்தங்கர பொண்ணும் தெரியும், தலைவியும் தெரியும். அக்கா சொல்லுவாங்க, "அவ அப்பா பேசுறத கேட்டா எங்க அப்பா பேசுற மாதிரியே இருக்குப்பா"ன்னு.

மூணாவது சீசன் கடைசில சுவானுக்கு மரண தண்டன குடுத்துடுறாங்க. அத்த பையன் சொன்னான், "மச்சான், சீரிஸ்லயே பெஸ்ட் சீன் அதான், சாவும்போது கூட தல குனியாம நின்னா பாரு." அக்கா ஒண்ணும் பேசல, அந்த எபிசோடு பாத்த அன்னிக்கி அழுததா முன்னாடியே சொல்லியிருந்தாங்க. அப்போ முத்தியால்பேட்டக்காரன் வாய வச்சிகினு சும்மா இல்லாம, "அக்கா, புக்குல அவ சாவலக்கா"ன்னான்.

"இன்னாடா சொல்ற?"

"பதவிய புடுங்கிடுவாங்க, சக்தியயும் அறுத்து விட்டுடுவாங்க, ஆனா தப்பிச்சி ஓடிடுவா. அதுக்கப்புறம் பத்து புக்குக்கு இருக்கா."

அக்கா கொஞ்ச நேரம் கடல பாத்துகிட்டே இருந்தாங்க. அப்புறம் சொன்னாங்க, "சுனாமில எங்களுக்கு போட்டு போச்சு, வலை போச்சு, வீடு போச்சு. அப்பா ஆறு மாசம் கடல் பக்கமே திரும்பல. அப்புறம் அடுத்தவங்க போட்டுல கூலிக்கி போனாரு, சொந்த போட்டு வச்சிருந்த மனுஷன். அவரப் பத்தி சொல்லணும்னா நான் அங்கேருந்துதான் ஆரம்பிப்பேன், அத வெட்டிட்டா எப்டி?"

அதுக்கு மேல அத்த பையனும் பேசல.

எனக்கும் அதே நெனப்புதான், ஆனா இவ்ளோ தெளிவா எனக்கு சொல்ல வரல. புக்குல சுவான் எல்லாத்தையும் எழந்ததுக்கு அப்புறம்தான் எனக்கு ரொம்ப பிடிச்ச சுவான் வர்றா. நேத்து வரைக்கும் ஒரு வார்த்தைல நாட்ட ஆட்டுனவ, இன்னிக்கி அவ மூஞ்ச பாத்தா கூட யாருன்னு தெரியாத ஊர்ல நடந்து போறா, பசி, பயம், யாரும் மதிக்கல, ஆனா அவ மூள மட்டும் வேல செஞ்சிகிட்டே இருக்கு, சொந்த கோவத்தையும் அடக்கிகிட்டு ராண்ட் ஊர்ப் பொண்ணு எக்வீனுக்கு பின்னாடி நின்னு வேல பாக்குறா. அந்த கம்பீரமான சாவு அழகா எடுத்த சீன்தான், மறுக்கல, நடிப்பும் அபாரம். ஆனா கம்பீரமா செத்துப் போற தலைவிங்க எல்லா கதைலயும் இருக்காங்க. தோத்துப்போய் கூலிக்கி போன தலைவி இந்த கதைல மட்டும்தான் இருந்தா.

மாத்துனதே தப்புன்னு நான் சொல்ல வரல. பசங்கள ஊர்லேர்ந்து கூட்டிட்டுப் போற கோபுரத்து மொய்ரைனும் சுவானும் புக்குல இளவயசுல நெருக்கமா இருந்தாங்கன்னு ஜோர்டன் ஒரு கோடிதான் காட்டுவாரு, சீரிஸ்ல அத பல வருஷமா மறைச்சி வச்ச காதலா வளத்துருக்காங்க, அது எனக்கு ரொம்ப பிடிச்சிது. ரோஸமண்ட் பைக்கோட மொய்ரைன் எப்பவும் கல்லு மாதிரி இருப்பாங்க, சுவான் முன்னாடி மட்டும் அந்த மூஞ்சி எளகும், அது புக்குல இல்லாத ஒண்ணு, வந்ததால கதைக்கு கூடுதல்தான். ஒண்ண எடுத்துட்டு அந்த எடத்துல எத வச்சாங்கன்னு பாத்துதான் நான் மார்க் போடுவேன்.

இந்த சண்ட எங்க வீட்டுல புதுசு இல்ல. எங்க அம்மா பொன்னியின் செல்வன எத்தன தடவ படிச்சாங்கன்னு அவங்களுக்கே தெரியாது, கதை ஆரம்பிக்கிறதே எங்க கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரிக் கரைலதானே, அதுல ஒரு பெரும. 2023ல ரெண்டாவது பாகம் பாத்துட்டு தியேட்டர் வாசல்லயே நின்னு, "மணிமேகலை எங்கடா?"ன்னு கேட்டாங்க. கடைசில வந்தியத்தேவன் மடியில உயிர விடுற பொண்ணு, படத்துல அவ இல்லவே இல்ல. அம்மாவுக்கு படம் பிடிச்சிருந்துச்சி, ஆனா அந்த பொண்ணுக்காக ஒரு வாரம் வருத்தப்பட்டாங்க. அன்னிக்கி நான் டைம் பத்தாதும்மான்னு சமாதானம் சொன்னேன். இப்போ சுவான் விஷயத்துல நான் அதே எடத்துல நிக்கறேன், அம்மா எனக்கு சமாதானம் சொல்லல, "நான் அன்னிக்கி சொன்னேன்ல"னு மட்டும் சொன்னாங்க.

அம்மாவும் கூட ஒக்காந்து பாத்தாங்க, நான் பக்கத்துல இருந்து தமிழ்ல சொல்லிகிட்டே வருவேன். யுகம் திரும்பத் திரும்ப வருது, அதே ஆத்மா மறுபடி பொறக்குது, போன பொறப்புல பண்ணது இந்த பொறப்புல தொரத்துதுன்னு சொன்னதும் எதையும் வெளக்க வேண்டியதே இல்லாம போச்சு. ராண்ட் அழுவுற சீன்ல, "பாவம், போன ஜென்மத்து கடன சின்ன பையன் தலைல கட்டிட்டாங்களே"ன்னாங்க. அந்த மொத்த கதையும் அதுதான்.

மூணாவது சீசன் நாலாவது எபிசோடு பத்தி தனியா சொல்லணும். ருயிடியன்ங்கற பாலைவன ஊருக்கு ராண்ட் போற எபிசோடு. பாலைவனத்து ஐயீல் மக்கள், ராண்டோட அப்பா வழி அவங்கதான், ஈட்டியும் முகத்திரையுமா சண்டைக்குன்னே பொறந்தவங்க மாதிரி இருப்பாங்க. ராண்ட் அந்த கண்ணாடித் தூணுங்களுக்கு நடுவுல நடக்க நடக்க, ஒரு ஒரு அடிக்கும் ஒரு தலமொறை பின்னாடி போயி, அப்பா, தாத்தா, பாட்டன், பூட்டன்னு அவங்க கண்ணாலயே பாக்குறான். ஜோஷா ஸ்ட்ராடோவ்ஸ்கி ஒருத்தரே அத்தன முன்னோரா வர்றாரு, வயசு, நட, குரல் எல்லாம் மாறுது, வேற வேற ஆளுங்கன்னே நெனச்சிடுவோம். போயிகிட்டே இருந்தா தெரியுது, ஐயீல் ஒரு காலத்துல கைல ஆயுதமே தொடமாட்டோம்னு சத்தியம் பண்ணி வாழ்ந்தவங்க. புக்குல கடத்திட்டுப் போன பொண்ணுங்கள மீட்க ஈட்டி எடுத்த பையன, பெத்த தாயே முகத்த மறைச்சிக்கோன்னு சொல்லிடுவா, கொல செஞ்ச முகத்த நான் பாக்கமாட்டேன்னு. முகத்திரை வந்த கதை அது. தானே புயலுக்கு அப்புறம் அடுத்தடுத்த புக்க தேடி வாங்கி நாலாவதுக்கு வந்தப்போ அந்த பக்கத்துல நின்னவன் நான், ரெண்டு நாளு மேல படிக்க முடியல. அந்த எபிசோட பாத்து முடிச்சப்போ அதே மாதிரி தொண்ட அடைச்சிது. அத்த பையன் ஒரு பக்கம் படிக்காதவன், அவன் ராத்திரி 12 மணிக்கு ஃபோன் பண்ணி, "மச்சான், அவங்க சண்டையே போடாதவங்களாடா?"ன்னு கேட்டான். புக்கு படிச்சவனுக்கும் படிக்காதவனுக்கும் ஒரே எடத்துல மனசு ஒடைஞ்சிதுன்னா அந்த டைரக்டரும் எழுதுனவங்களும் வேலைய சரியா செஞ்சிருக்காங்க.

அந்த சீசன்லயே ஏழாவது எபிசோடுல பெரின் தன் ஊர காப்பாத்த நிக்கிற சண்ட, அதுவும் நல்லா வந்துருந்துச்சி. என் மார்க்கு, முதல் சீசனுக்கு 10க்கு 5, ரெண்டாவதுக்கு 7, மூணாவதுக்கு 9, அந்த ஒண்ணு சுவானுக்காக கொறைச்சது.

2025 ஏப்ரல்ல மூணாவது சீசன் முடிஞ்சிது, மே மாசம் நாலாவது கெடையாதுன்னு சொல்லிட்டாங்க. வேல பழகி கை தேறுன நேரத்துல கடைய மூடிட்டாங்க, அதுதான் எனக்கு ஆற மாட்டேங்குது. புதுசா பாக்குறவங்களுக்கு சொல்றேன், கதை பாதிலதான் நிக்கும், அது தெரிஞ்சே பாருங்க, முதல் சீசன பொறுத்துகிட்டு தாண்டிடுங்க, ஆறாவது எபிசோட மட்டும் விட்றாதீங்க. மூணாவது சீசன் பெரும்பாலும் நாலாவது புக்கு. ஆனா அதுக்கப்புறம் நேரா அஞ்சாவது புக்குக்கு போனா குழம்பும், ஏன்னா சீரிஸ்ல செத்தவங்க புக்குல நடமாடுவாங்க, முடிஞ்சா முதல் புக்குலேர்ந்தே ஆரம்பிங்க.

அக்கா அதையெல்லாம் கேக்கல. மறுநாளே எங்கிட்டேருந்து நாலாவதும் அஞ்சாவதும் வாங்கிட்டுப் போயிட்டாங்க, பஸ்சுல படிக்கிறாங்க. நேத்து அஞ்சாவத திருப்பி குடுத்துட்டு ஆறாவது கேட்டாங்க. தொறந்து பாத்தா சுவான் வர்ற எடத்துல எல்லாம் கடலூர் பஸ் டிக்கெட்ட மடிச்சி மடிச்சி வச்சிருக்காங்க, நான் எதையும் எடுக்கல, அப்டியே அலமாரில வச்சிட்டேன்.