இலேசான கிட் காருக்குச் சாலை டயரா, செமி-ஸ்லிக் டயரா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடுத்த பைன்டவுனில் உருவான பர்க்கின் போன்ற இலேசான கிட் கார்களுக்கு (பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் கார்கள்), கனமான கார்களுக்குரிய டயர்க் கணக்கு பொருந்தாது.

செமி-ஸ்லிக் என்பது பந்தய டயரைப் போல வரிப்பள்ளங்கள் குறைந்த டயர். அதன் மென்மையான ரப்பர் சூடேறினால்தான் முழுப்பிடிப்பைத் தரும். கயலாமி பந்தயத் தடத்தில் சில சுற்றுகளில் கிடைத்துவிடும் அந்தச் சூட்டை, சுமார் 600 கிலோ எடையுள்ள கார் சாதாரணச் சாலையில் எட்டுவது அரிது. தடத்திலிருந்து திரும்பியதும் தொட்டுப் பார்த்தால் ரப்பர் பிசுபிசுவென்று ஒட்டும்; பொடிக்கற்கள் அதில் அப்பியிருக்கும். அந்தப் பிடிப்பை ஒருமுறை உணர்ந்தவருக்கு அதை மறப்பது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டர்பனின் கோடை மழையில், வரிப்பள்ளங்கள் குறைந்த அதே டயர், தேங்கிய நீரை விலக்க முடியாமல் காரை மிதக்க விட்டுவிடும். இலேசான காருக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

சாலை டயர் சூடேறாமலே பிடிக்கும், நீரை வெளியேற்றும், நெடுநாள் உழைக்கும். தடத்தில் மட்டும் சற்றுப் பின்தங்கும். இங்குச் சட்டம் கேட்பது 1 மி.மீ. பள்ளம்தான், மழைக்கு அது போதவே போதாது.

ஒரே செட் வாங்குபவர் சாலை டயரையே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எதை மாட்டினாலும், காற்றழுத்தத்தை 18 முதல் 20 பிஎஸ்ஐ அளவிலிருந்து தொடங்கிச் சரிபார்ப்பது நல்லது.