கடவுள் (எ) இயற்கை: ஸ்பினோசாவை நாத்திகர் கணக்கில் சேர்க்கலாமா?

கூரையிலிருந்து ஒரு கல் விழுகிறது. கீழே போய்க்கொண்டிருந்தவர் செத்துப்போகிறார். காற்று பலமாக அடித்தது, அவர் அந்த வழியாக வந்தார், அவ்வளவுதான் என்கிறோம். பக்தர் விடமாட்டார். அந்த நேரம் பார்த்துக் காற்று ஏன் அடிக்க வேண்டும்? முந்தின நாளே கடல் கொந்தளிக்கத் தொடங்கியிருந்தது. சரி, கடல் ஏன் கொந்தளித்தது? இவர் ஏன் அந்தப் பக்கம் வந்தார்? நண்பர் அழைத்திருந்தார். அன்றைக்கென்று ஏன் அழைத்தார்? கேள்வி நீண்டுகொண்டே போய்க் கடைசியில் 'கடவுள் சித்தம்' என்பதில் ஒதுங்கும். அந்த இடத்துக்குப் பதினேழாம் நூற்றாண்டு டச்சுத் தத்துவவாதி ஸ்பினோசா வைத்த பெயர், அறியாமையின் புகலிடம்.

‘எதிக்ஸ்’ நூலின் முதல் பாகப் பின்னிணைப்பில் வருகிற உதாரணம் இது. நாத்திகர் எழுதியது என்று சொன்னால் நம்பிவிடலாம். ஆனால் அதே பாகத்தின் தலைப்பே 'கடவுளைப் பற்றி' என்பதுதான். 1656இல் ஆம்ஸ்டர்டாம் யூதச் சமூகம் அவரைத் தள்ளிவைத்தபோது அவருக்கு வயது 23. பெயர் போடாமல் 1670இல் வெளியிட்ட நூலுக்கு நான்கே ஆண்டில் ஹாலந்தில் தடை. ‘எதிக்ஸ்’ வெளிவந்தது 1677இல், அவர் இறந்த பிறகு. பிரெஞ்சுச் சிந்தனையாளர் பியேர் பெய்ல் அவரை நாத்திகர் என்று எழுதினார். ஜெர்மன் கவிஞர் நோவாலிஸோ கடவுள் போதையில் திளைத்தவர் என்றார். ஒரே ஆளைப் பற்றித்தான் இரண்டும்.

குழப்பத்துக்குக் காரணம் ‘கடவுள் அல்லது இயற்கை’ என்ற அவருடைய தொடர். இங்கே 'அல்லது' என்பது இதுவா அதுவா என்பதல்ல. நம் ஊர் பத்திரங்களில் 'குமார் (எ) செந்தில்குமார்' என்று எழுதுவோமே, அந்த (எ). ஆள் ஒன்று, பெயர் இரண்டு. 'தூணிலும் இருப்பார், துரும்பிலும் இருப்பார்' என்பதோடு இதைப் போட்டுக் குழப்புகிறவர்கள் உண்டு. அந்தக் கதையில் தூணைப் பிளந்துகொண்டு நரசிம்மர் வெளியே வருகிறார். அப்படியென்றால் தூண் வேறு, அவர் வேறு. ஸ்பினோசாவிடம் வெளியே வர யாரும் இல்லை. இருப்பது ஒரே பொருள், அதற்குத்தான் கடவுள், இயற்கை என்று இரண்டு பெயர். தூணே அந்த ஒரே பொருள் எடுத்த ஒரு வடிவம்தான்.

அன்றாடத்தில் வைத்துப் பார்த்தால் ஸ்பினோசாவும் நாத்திகரும் ஒன்றுதான். வேண்டுதல் இல்லை, அற்புதம் இல்லை, நரகம் இல்லை. அதனால்தான் உலகத்தைக் கடவுள் என்பது மொழிக்குத் தேவையில்லாத இன்னொரு சொல்லைச் சேர்ப்பதே என்றார் ஜெர்மன் தத்துவவாதி ஷோப்பன்ஹவர். மலையுச்சியில் நின்று ‘பிரபஞ்சம்தான் என் கடவுள்’ என்று உருகுகிற இன்றைய ஆட்களுக்கு இந்த அடி சரியாக விழுகிறது. அவர்கள் பெயரை மாற்றுகிறார்கள், வேறொன்றும் சொல்லவில்லை.

ஸ்பினோசா சொல்கிறார். கல்லுக்கே திரும்பிப் போவோம். அது விழுந்ததும், அந்த ஆள் வந்ததும், இரண்டும் அந்த நொடியில் சேர்ந்ததும் வேறு எப்படியும் நடந்திருக்க முடியாது என்பது ஸ்பினோசாவின் வாதம். தற்செயல் என்று இயற்கையில் எதுவுமே கிடையாது. மொத்த இயற்கை ஏன் இருக்கிறது என்றாலும் காரணம் உண்டு: இல்லாமல் இருக்க அதனால் முடியாது. இதற்கு நேர் எதிராக, 1948இல் பிபிசி வானொலியில் கோப்பிள்ஸ்டன் பாதிரியாரோடு வாதாடிய பிரிட்டிஷ் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், பிரபஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான் என்றார். அந்த 'அவ்வளவுதான்' ஸ்பினோசாவின் வாயில் வராது. எல்லாம் விதிப்படியே நடக்கிறது என்று ஒரு நாத்திகரும் நம்பலாம், தடையில்லை. ஆனால் நாத்திகராக இருப்பதற்கு அது நிபந்தனை இல்லை. ஸ்பினோசாவிடம் அதை உருவிவிட்டால் கட்டடமே சரியும்.

மனம் விஷயத்திலும் அப்படியே. மூளை உருவான பிறகு மனம் வந்தது என்று பல நாத்திகர்கள் சொல்வார்கள். அவருக்கோ இடத்தில் விரிந்திருப்பதைப் போலவே சிந்தனையும் அந்த ஒரே பொருளின் அடிப்படைத் தன்மை. ஒன்றிலிருந்து மற்றது வரவில்லை. நாத்திகர் மறுத்து வாதாட வேண்டிய இடம் இது. வெறும் செல்லப்பெயருக்கு அந்த வேலை இருக்காது.

ஐந்தாம் பாகத்தில் இன்னொன்றும் வருகிறது. கடவுளை நேசிக்கிறவர், கடவுள் தன்னைத் திருப்பி நேசிக்க வேண்டும் என்று முயல முடியாது என்கிறார். பக்தருக்குக் கேட்கவே கசக்கும். நாத்திகர் பாதி தூரம் தலையாட்டிக்கொண்டே வருவார். திருப்பி நேசிக்க ஆள் இல்லை, சரி, அப்புறம் நேசிப்பது எதற்கு என்பார். ஸ்பினோசா அந்த ஒருதலை நேசத்தைத்தான் மனிதனுக்குக் கிடைக்கக்கூடிய உச்ச நிறைவு என்று எழுதிவைத்திருக்கிறார்.