பாமினியில் பெயர் வைத்த பைல்களைத் திருத்த ‘விஐடிர்’

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஓர் அச்சகத்துக்கு வரும் பென் டிரைவைத் திறந்தால், பல பைல்களின் பெயர் ஆங்கில எழுத்துக் குழம்பலாகக் கிடக்கும். ஆங்கில விசைகளைத் தமிழாகக் காட்டும் பாமினி எழுத்துருவில் அடித்துப் பழகிய கை, சேமிக்கும் பெட்டியிலும் அதே விசைகளையே தட்டும். ‘தமிழ்’ அங்கே ஜே, கே, பி, ஓ என்று நான்கு எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக விழும். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு உரிய விசை அதுதான். ஆகவே மெய்யெழுத்து வரும் பெயரெல்லாம் அரைப்புள்ளியோடு வரும்.

கட்டளைகளைத் தட்டும் லினக்ஸ் ஷெல்லில் அரைப்புள்ளி வந்தால் கட்டளை அங்கேயே முடிந்துவிடும். மேற்கோள் போடாமல், பைலை அழிக்க ‘ஆர்எம் ஜேகேபிஓ;.டொக்’ என்று கொடுத்தால் அது இரண்டாக உடையும். முதலில் ‘ஜேகேபிஓ’ என்ற பைலைத் தேடும். அப்படி வேறொரு பைல் இருந்தால் அதுதான் அழியும். பிறகு ‘.டொக்’ என்றொரு கட்டளை இல்லை என்று சொல்லும். ‘ஹ’வின் விசை பேக்டிக் (`). ஷெல் அதன் சோடியை எதிர்பார்த்து > குறியைக் காட்டியபடி நிற்கும். கொன்ட்ரோல்-சி அடித்துத்தான் மீள வேண்டும்.

ஒன்றிரண்டு பைல் என்றால் டாப் விசையே போதும், தேவையான இடத்தில் தப்புக்குறியை (\) அதுவே போட்டுவிடும். ஐம்பது, நூறு என்று வந்தால், பைல் பெயர்களை எடிட்டரில் பட்டியலாகத் திறந்து மாற்றவிடும் விஐடிர்தான் சரி. டெபியன், உபுண்டுவில் ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் மோர்யூட்டில்ஸ்’ என்று நிறுவலாம். போல்டருக்குள் போய் ‘விஐடிர்’ என்று கொடுத்தால் எடிட்டர் திறக்கும்: வரிக்கு ஒரு பைல், முன்னால் ஓர் எண். எண்ணைத் தொடாமல் பெயரை மட்டும் யூனிகோடில் மாற்றிச் சேமித்தால் வேலை முடிந்தது. பெயர் ஷெல் வழியே போவதே இல்லை. அதனால் அரைப்புள்ளி, இடைவெளி, முன்னால் நிற்கும் ‘-’ எதுவும் தொல்லை தராது. புதுப் பெயரில் ஏற்கனவே ஒரு பைல் இருந்தால் அதை அழிக்காமல் பின்னால் ~ சேர்த்து ஒதுக்கிவைக்கும். இந்த ஒரு குணத்துக்காகவே இதை நம்பலாம். வி-ஐ எடிட்டர் பழக்கமில்லாதவர்கள் ‘எடிட்டர்’ என்ற சூழல் மாறியில் நானோ எடிட்டரை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபத்து ஒன்று உண்டு. ஒரு வரியை நீக்கினால் அந்தப் பைலே அழியும், குப்பைத்தொட்டிக்கும் போகாது. வி-ஐயில் கை தவறி, வரியை நீக்கும் ‘டிடி’ அடித்தால் அதே கதி. சந்தேகம் வந்தால் சேமிக்காமல் வெளியேறுங்கள், எதுவும் மாறாது. முதலில் போல்டரைக் கொப்பி எடுத்துவிட்டுத் தொடங்குவதே நல்லது.

பெயருக்குள் புதுவரிக் குறி இருந்தால் விஐடிர் மறுத்து நின்றுவிடும். ‘எல்எஸ் -ஐ’ மூலம் இனோட் எண்ணை, அதாவது டிஸ்கில் அந்தப் பைலின் அடையாள எண்ணை, பார்த்து, ‘ஃபைண்ட் . -ஐநம்’ கொண்டு அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

பழைய மெக் டிஸ்கிலிருந்து வந்த யூனிகோட் பெயர்களுக்கும் இது உதவாது. அங்கே ‘கோ’வின் ஓகாரக் குறி, ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகப் பிரிந்து பதிவாகும். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். லினக்ஸுக்கோ அது வேறு பெயர், தட்டித் தேடினால் கிடைக்காது. அதற்கு, பைல் பெயர்களின் குறியாக்கத்தை மாற்றும் கொன்வ்எம்வியை ‘-எஃப் யூடிஎஃப்8 -டி யூடிஎஃப்8 --என்எஃப்சி’யோடு ஓட்டுங்கள். அது முதலில் மாற்றங்களைக் காட்ட மட்டுமே செய்யும். ‘--நோடெஸ்ட்’ சேர்த்தால்தான் உண்மையில் மாற்றும்.