மலிவு விலையில் கரி கிரில்: கெட்டிலா, பீப்பாயா, ஹிபாச்சியா?

கரி கிரில் வாங்கப் போகிறவர்கள் முதலில் அளவைத்தான் பார்க்கிறார்கள். மூடியைப் பாருங்கள் என்பேன் நான். மூட்டிய கரியின் சூட்டைக் கூட்டிக் குறைக்க நம் கையில் இருப்பது பெரும்பாலும் காற்றுதான். மூடி சரியாக உட்காராவிட்டால் அதுவும் போச்சு.

இந்த விஷயத்தில் உருண்டை வடிவக் கெட்டில் கிரிலை மிஞ்ச ஆளில்லை. 1952இல் சிகாகோவில் உலோகப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், கடல் மிதவைக்கான அரைக்கோளங்களைக் கொண்டு செய்த வடிவம் இது. பிறகு அதுவே வெபர் என்ற பிராண்டு கிரில் ஆனது. அடியில் காற்றுத் துளைகள், மூடியில் ஒன்று. கரியை ஒரு பக்கம் ஒதுக்கி, தடித்த இறைச்சித் துண்டை மறுபக்கம் வைத்து மூடினால் வெளியே கருகாமல் உள்ளே வேகும். 22 அங்குல மாடல் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். 14 அங்குலக் குட்டியில் அப்படி ஒதுக்க இடம் போதாது. விலை குறைவு என்று அதற்கு இறங்காதீர்கள்.

படுக்கவைத்த பீப்பாய் போன்ற பீப்பாய் கிரிலில் இடம் அதிகம், கூட்டத்துக்கு ஒரே ஈடாகச் சுடலாம். ஆனால் மலிவான மாடல்களில் தகடு மெல்லிசு, மூடி ஓரமெல்லாம் இடைவெளி. சமைத்து முடித்துத் துளைகளை அடைத்தால் கெட்டிலில் கரி அணைந்து மிச்சம் அடுத்த முறைக்கு உதவும். மலிவான பீப்பாயில் கடைசிக் கங்கு வரை எரிந்து சாம்பலாகிவிடும். வாங்கும்போது மிச்சம் பிடித்த காசு கரி மூட்டையில் போய்விடும். போதாக்குறைக்கு, எனாமல் இல்லாத வெறும் பெயின்ட் பூச்சு சூட்டில் உரிந்து துருப்பிடிக்கும். அடிக்கடி விருந்து வைப்பவர் என்றால் சரி, கரித்தட்டை ஏற்றி இறக்க முடிகிற மாடலாகப் பார்த்து எடுங்கள்.

ஹிபாச்சி என்பது சிறிய, திறந்த கரி அடுப்பு; அதற்கு மூடியே கிடையாது. கம்பியில் கோத்த சிறு துண்டுகள், மெல்லிய மீன், காய்கறி என்று சட்டென வேகிறவற்றுக்கு மூடி எதற்கு? கரியும் கொஞ்சம் போதும். முழுக்கோழிக்கு மட்டும் ஆகாது. கையில் பணம் ரொம்பக் குறைவு என்றால், ஆட்டம் காணும் மட்டமான கெட்டிலைவிட கனமான வார்ப்பிரும்பு ஹிபாச்சியைத்தான் நான் எடுப்பேன். கழுவியதும் துடைத்து எண்ணெய் தடவி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடையில் கிரிலின் காலை ஆட்டிப் பாருங்கள், மூடி ஓரத்தில் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள், காற்றுத் துளையை மூடும் தகடு சிக்காமல் நகர்கிறதா என்று பாருங்கள். அப்புறம், எதை வாங்கினாலும் மழை வந்தது என்று வீட்டுக்குள்ளோ கார் ஷெட்டுக்குள்ளோ இழுக்காதீர்கள்; அணைந்துகொண்டிருக்கும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனை கிடையாது.