கேனா, ஆர்.ஓ.வா, கொதிக்கவைத்த குழாய்த் தண்ணீரா?

சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "மெட்ரோ வாட்டர் வருதா, போர் மட்டும்தானா?" என்றுதான். எதைக் குடிக்கலாம் என்பதையும் அந்தப் பதிலே முடிவு செய்ய வேண்டும். ஆனால் பதில் எதுவானாலும் குடியேறிய அன்றே கேன் கடைக்குப் போன் போட்டுவிடுகிறோம். மெட்ரோ வாட்டர், அதாவது குடிநீர் வாரியத்தின் குழாய்த் தண்ணீர் வருகிற வீட்டுக்கு அது வீண் செலவு என்பது என் கருத்து.

தண்ணீரில் நமக்குத் தொல்லை தருபவை பெரும்பாலும் இரண்டு: கிருமி, உப்பு. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு அப்படியே இருக்கும். ஆர்.ஓ. இயந்திரம் உப்பைக் குறைக்கும். உங்கள் வீட்டில் எது பிரச்சினை என்று தெரியாமல் எதை வாங்கினாலும் பயனில்லை.

பூண்டி, புழல், செம்பரம்பாக்கம், வீராணம் ஏரிகளின் தண்ணீரும், நெம்மேலி போன்ற இடங்களில் சுத்திகரித்த கடல்நீரும்தான் மெட்ரோ வாட்டராக வருகிறது. சுத்திகரிப்பு நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது அது நல்ல தண்ணீர். கெடுவது வழியில்தான்: பழைய குழாய் விரிசலில் கசியும் சாக்கடை, பல மாதமாகத் திறந்தே பார்க்காத சம்ப் (தரைக்கடித் தொட்டி), மூடி உடைந்த மாடித் தொட்டி. குளோரின் வாடை அடித்தால் முகம் சுளிக்கிறோம். அந்தக் குளோரின்தான் வழியில் சேரும் கிருமிக்குக் காவல். குழாயில் வரும்போதும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சமிருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரம். ஆக இங்கே கவலை கிருமிதான். வடிகட்டி, தளதளவெனக் கொதிக்கவிட்டு, மூடி வைத்து ஆறவைத்தால் போதும். கேஸ் செலவு லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு ரூபாய்தான். தண்ணீரில் சாக்கடை நாற்றமோ நிறமோ தெரிந்தால் மட்டும் அதைக் குடிக்க எடுக்காமல் குடிநீர் வாரியத்தில் புகார் கொடுங்கள்.

20 லிட்டர் கேனில் வருவது பெரும்பாலும் புறநகரில் போர் போட்டு எடுத்து, ஆர்.ஓ. செய்த தண்ணீர். 2020 தொடக்கத்தில், நிலத்தடி நீர் எடுக்க அனுமதியில்லாத ஆலைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, நகரமே கேனுக்குத் தவித்தது. தண்ணீர் சுத்தமாகவே நிரப்பப்பட்டாலும் கேன் எத்தனை கை மாறுகிறது, பாருங்கள். டெம்போவில் வெயிலில் நிற்கிறது, கடை வாசலில் உருள்கிறது, தோளில் ஏறி மாடிக்கு வருகிறது. சீலைப் பிய்த்து டிஸ்பென்சரில் கவிழ்க்கும்போது, அதன் வாயைச் சுற்றி ஒட்டியிருக்கும் தூசியும் தண்ணீரோடு உள்ளே போகிறது. அந்த டிஸ்பென்சரின் குழாயைக் கடைசியாக எப்போது கழற்றிக் கழுவினோம்? கேன்தான் என்றால் சீல், தயாரித்த தேதி, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண் மூன்றையும் பாருங்கள். கேனின் வாயைத் துடைத்துவிட்டுக் கவிழ்த்துங்கள். அடியில் பச்சை படிந்த கேனைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஆர்.ஓ. விற்க வருகிறவர் இரண்டு டம்ளர் தண்ணீரில் மின்கம்பிகளை விட்டுக் காட்டுவார். நம் வீட்டுத் தண்ணீர் பழுப்பாகிக் கலங்கும், அவருடையது தெளிவாக நிற்கும். அம்மாவும் பாட்டியும் பயந்துபோவார்கள். அந்தப் பழுப்பு இரும்புக் கம்பியிலிருந்து கரைந்து வந்தது. உப்பு இருக்கிற தண்ணீரில் மின்சாரம் பாயும், ஆர்.ஓ. தண்ணீரில் அவ்வளவாகப் பாயாது. விஷயம் அவ்வளவுதான். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, நீங்களே அளந்துகொள்ளலாம். 500க்குள் இருந்தால் உப்புக்காக ஆர்.ஓ. வேண்டியதில்லை. மீட்டர் கிருமியைக் காட்டாது என்பதையும் மறக்க வேண்டாம். போர் தண்ணீர் மட்டுமே வந்து, அளவு ஆயிரத்தைத் தாண்டுகிற வீடு என்றால், சரி, ஆர்.ஓ. வாங்குங்கள். ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டர் வெளியே போகும். அதைப் பக்கெட்டில் பிடித்துத் தரை துடைக்க வையுங்கள். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த ஊர் இது.

பாட்டில் தண்ணீர் வெளியூர்ப் பயணத்துக்கு மட்டும் போதும். லிட்டர் கணக்கில் பார்த்தால் கேன் தண்ணீரைப் போலப் பல மடங்கு விலை. 2024இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரில் சராசரியாக 2,40,000 பிளாஸ்டிக் துகள்களைக் கண்டது. உடம்புக்கு அவை என்ன செய்யும் என்ற ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது.

இந்தக் கணக்கெல்லாம் வெள்ளத்தின்போது மாறிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது போல சம்ப்புக்குள் தெருத் தண்ணீர் புகுந்துவிட்டால், அதைக் கொதிக்கவைத்தும் குடிக்காதீர்கள். அதில் கலந்த பெட்ரோலும் ரசாயனமும் கொதித்தால் போகாது. சம்ப்பை இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டுச் சுத்தம் செய்து முடிக்கும்வரை சீல் உடையாத கேன்தான் சரி. அக்டோபரிலேயே இரண்டு கேன் வாங்கி வையுங்கள், வெள்ளம் வந்த பிறகு கடைக்காரர் போனை எடுக்க மாட்டார்.