வீட்டில் ஐஸ்கிரீம் காக்டெயில்: நீண்ட நாள் புழக்கத்தில் தெரிந்தவை

கோலாலம்பூர் வெக்கையில் ஐஸ்கிரீமையும் மதுவையும் சேர்த்து அடிக்கும் ஐஸ்கிரீம் காக்டெயிலை வீட்டிலேயே போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எந்த பிளெண்டர் வாங்கலாம் என்பதுதான். நாளாகப் புழங்கிப் பார்த்தால் பிளெண்டருக்கு மூன்றாம் இடம்தான் கிடைக்கும். ஐஸ்கிரீம் முதலில், குளிர்ச்சி அடுத்தது. விலை உயர்ந்த மெஷினில் மலிவு ஐஸ்கிரீமைப் போட்டால் நுரைதான் வரும். சாதாரண மிக்சியில் கெட்டியான ஐஸ்கிரீமைப் போட்டால் ஸ்ட்ராவில் இழுக்கச் சிரமப்படும் பதத்துக்கு வரும்.

கடையில் டப்பாவைக் கையில் தூக்கிப் பாருங்கள். ஒரு லிட்டர் டப்பா 500, 550 கிராம்தான் நிற்கிறது என்றால் அதில் பாதி காற்று. அரைக்கும்போது அந்தக் காற்று வெளியேறி, கிளாசில் மேலே நுரையும் கீழே தண்ணியுமாகப் பிரிந்துவிடும். 700 கிராமுக்கு மேல் நிற்பது இந்த வேலைக்குச் சரி. லேபிளையும் படியுங்கள்: பால் கொழுப்புக்குப் பதில் பாமாயில் சேர்த்தவை இங்கே நிறைய உண்டு. குளிரில் அவை நாக்கில் மெழுகு போல ஒட்டும். ஐஸ்கிரீமைக் கரண்டிக் கணக்கில் எடுப்பது தவறு. தராசில் கிராமாக நிறுத்துப் போட்டால்தான் ஒவ்வொரு முறையும் ஒரே பதம் வரும்.

இரண்டு கிளாசுக்கு நம்பிப் போடக்கூடிய அளவு இது: வெனிலா ஐஸ்கிரீம் 250 கிராம், பிராந்தி 60 மில்லி, கிரெம் டி கக்காவ் (சாக்லேட் சுவை இனிப்பு மது) 30 மில்லி, ஐஸ் கட்டி 60 கிராம். பிராந்தி அலெக்சாண்டர் என்ற கிரீம் காக்டெயிலின் ஐஸ்கிரீம் வடிவம் இது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சப்பர் கிளப் எனப்படும் இரவு உணவகங்களில் சாப்பாட்டுக்குப் பிறகு தருவது. மேலே துருவ, பினாங்கு பாலிக் பூலாவ் ஜாதிக்காய் இருந்தால் வேறு எதுவும் வேண்டாம். முழுக்காயாக வாங்கிப் பரிமாறும் நேரத்தில் துருவுங்கள், பொடியில் அந்த வாசம் நிற்பதில்லை.

40 விழுக்காடு மது, வீட்டு ஃப்ரீசரின் -18 டிகிரியில் உறையாது. அதனால் பிராந்தி, ரம் புட்டிகளை முதல் நாளே ஃப்ரீசரில் வைத்துவிடலாம், கிளாசையும் அப்படியே. ஜாரில் ஐஸ் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் விட்டுக் கொட்டிவிடுங்கள். மிக்சியின் ஸ்டீல் ஜார் குளிரை நன்றாகப் பிடிக்கும். முதலில் மதுவையும் ஐஸையும் மட்டும் அடித்துப் பனித்தூளாக்கி, அதன்பின் ஐஸ்கிரீமை இரண்டு தவணையாகப் போட்டு மூன்று மூன்று நொடியாக விட்டு விட்டு ஓட்டவேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஒரு நிமிடம் ஓட்டினால் ஐஸ் உடைவதற்குள் ஐஸ்கிரீம் உருகிவிடும். பிளேடு சும்மா சுற்றி நடுவில் குழி விழுந்தால் 15 மில்லி பால் விடுங்கள், மது விடாதீர்கள்.

பிராந்தியை 90 மில்லி ஆக்கிவிட்டுப் பதம் வரவில்லை என்று மெஷினைக் குறை சொல்பவர்கள் அதிகம். மேலே சொன்ன அளவில் ஆல்கஹால் சுமார் 8 விழுக்காடு. அது 10ஐத் தொட்டால் வீட்டு மெஷினில் கெட்டியாக்குவது கஷ்டம். குடிக்க மில்க்‌ஷேக் போல இருந்தாலும், ஒரு கிளாசில் ஒரு 320 மில்லி பீர் டின் அளவு ஆல்கஹால் இருக்கிறது. வண்டி ஓட்டிப் போகிறவருக்கு இதைச் சொல்லியே கொடுங்கள்.

அன்னாசி போடுவதாக இருந்தால் கவனம் தேவை. வேகவைக்காத அன்னாசியில் உள்ள புரொமெலைன் என்ற நொதி பால் புரதத்தைச் சிதைத்துக் கொஞ்ச நேரத்தில் கசப்பாக்கிவிடும். பழத்தை உறையவைத்தாலும் அந்த நொதி சாகாது. சில நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்த பழமோ டின் பழமோதான் சரி. லீமாவ் கஸ்தூரி என்ற சிறு எலுமிச்சையைப் பெய்லிஸ் மாதிரி கிரீம் மதுவோடு சேர்த்தால் திரிந்துவிடும். புளிப்பு வேண்டுமானால் பால் இல்லாத பழ ஐஸான சோர்பேவில் சேருங்கள்.

தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் சேர்ந்த செண்டோல் இனிப்பின் சுவைக்கு: தேங்காய் ஐஸ்கிரீம் 200 கிராம், கறுப்பு ரம் 60 மில்லி, சந்தான் (தேங்காய்ப்பால்) 60 மில்லி, குலா மெலாக்கா (பனைவெல்லம்) பாகு 30 மில்லி, ஐஸ் 60 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விட்டுவிடாதீர்கள், வெல்லத்தின் சுவையே அதில்தான் எழும்பும். பாகு ஐஸ்பெட்டியில் வைத்துக் குளிர்ந்ததாக இருக்கவேண்டும். சந்தையில் புதிதாகப் பிழிந்து விற்கும் பசார் சந்தானில் மணம் அதிகம், ஆனால் குளிர்பட்டதும் கொழுப்பு திரண்டு ஜார் சுவரில் வெள்ளைத் திட்டாக ஒட்டும். இதற்கு மட்டும் பெட்டிச் சந்தானே மேல்.

மிச்சத்தை மூடி போட்ட டப்பாவில் ஃப்ரீசரின் பின்பக்கம் வைத்தால் மறுநாள் கரண்டியால் எடுக்கும் பதத்தில் இருக்கும். கதவோரம் வைத்தால் வெப்பம் ஏறி இறங்கி மணல் மணலாகிவிடும்.

இதற்கென்று தனி ஜார் வைத்திருப்பது நல்லது. மசாலா அரைத்த ஜாரில் சீரக வாசம் கட்டாயம் ஏறும். முஸ்லிம் நண்பர்கள் வந்து போகும் வீட்டில் அவர்களுக்கான ஜாரும் கிளாசும் மது படாததாக இருப்பது மரியாதை. வேலை முடிந்ததும் ரப்பர் வாஷரைக் கழற்றிக் கழுவுங்கள். அதன் அடியில் தங்கும் பால் கொழுப்பு இந்த வெயிலுக்கு ஒரே நாளில் நாறும். வெந்நீரும் சோடா மாவும் போட்டுத் தேய்த்த பிறகும் வாசம் போகவில்லை என்றால் வாஷரை மாற்றிவிடுங்கள்.