லோ சோடியம் உப்பு: டயாலிசிஸ் நோயாளி இருக்கும் வீட்டுக்கு வேண்டாம்

ரத்தக்கொதிப்புக்கு நல்லது என்று கடைகளில் விற்கும் லோ சோடியம் உப்பு, சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவர்களுக்கு நல்ல பொருள்தான். பக்கவாதம் வந்தவர்களும் ரத்தக்கொதிப்பு உள்ள முதியவர்களுமாகச் சீனக் கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், இதற்கு மாறியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் கடுமையான சிறுநீரக நோயாளிகளை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. 2025 ஜனவரியில் இதைப் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனமும் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது என்றே சொன்னது. குறைத்த சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு, கெட்டுப்போன சிறுநீரகத்தால் பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்ற முடியாது என்பதுதான் காரணம்.

பொட்டாசியம் குளோரைடின் எடையில் பாதிக்கு மேல், 52 சதவீதம், பொட்டாசியம். லோசால்ட் (LoSalt) பிராண்ட் போன்றவற்றில் மூன்றில் இரண்டு பங்கு இதுதான். அதில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம், போட்டால் சுமார் 1.7 கிராம் பொட்டாசியம் உள்ளே போகும். டயாலிசிஸ் நோயாளிக்கு நாள் முழுவதற்கும் அனுமதிப்பதே பொதுவாக 2 முதல் 3 கிராம். நான்கு மணி நேர டயாலிசிஸில் வெளியேறும் பொட்டாசியம் 70 முதல் 100 மில்லிமோல், அதாவது சுமார் 2.7 முதல் 3.9 கிராம். இந்த உப்பில் இரண்டு தேக்கரண்டியிலேயே 88 மில்லிமோல் (சுமார் 3.4 கிராம்) இருக்கிறது. சோடியத்தை 15 சதவீதம் மட்டும் குறைத்த வகைகளில் அளவு குறைவு. ஆனாலும் தக்காளி, இளநீர், வாழைப்பழம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு உப்பு ஜாடி வழியாகப் பொட்டாசியத்தை உள்ளே விடுவானேன்?

சுவையிலும் ஒரு வம்பு இருக்கிறது. ரசத்திலும் கஞ்சியிலும் நாக்கின் அடியில் லேசான கசப்பு தங்கும், உப்பு பத்தாதது போலத் தோன்றும், இன்னொரு சிட்டிகை விழும்.

பொட்டாசியம் ஏறினால் இதயத்தின் மின்கடத்தல் மந்தமாகும். ஈசிஜி கோட்டில் டி அலை என்ற மேடு கூம்பாக நிமிரும், கியூஆர்எஸ் என்ற கூர்முனைப் பகுதி அகலும், துடிப்பு நின்றும் போகலாம். அளவு கூடியிருந்தும் ஈசிஜி சாதாரணமாகத் தெரிவது டயாலிசிஸ் நோயாளிகளிடம் உண்டு, அதனால் அதை மட்டும் நம்ப முடியாது. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ் ஷிஃப்ட் என்றால் வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் உள்ள நீண்ட இடைவெளிதான் பயப்பட வேண்டியது. அமெரிக்காவில் 32,000 நோயாளிகளின் தரவைப் பார்த்த 2011 ஆய்வில், அந்த இடைவெளிக்கு அடுத்த நாளில் மரணங்கள் கூடியிருந்தன.

‘ஏறிய பொட்டாசியத்தை டயாலிசிஸ் மெஷினில் இறக்கிவிடலாம்’ என்பதும் தப்புக் கணக்கு. ரத்தத்தைச் சுத்தம் செய்ய மெஷினில் ஓடும் திரவமான டயாலிசேட்டில் பெரும்பாலும் லிட்டருக்கு 2 மில்லிமோல் பொட்டாசியம் இருக்கும். ரத்தத்தில் அது 6.8 வரை ஏறியிருந்தால் முதல் மணி நேரத்திலேயே மளமளவென்று இறங்கும். ஏற்றத்தில் கெடுவது போலவே அந்த வேகமான இறக்கத்திலும் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம்.

வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். பொட்டாசியம் குளோரைடு என்றோ அதன் உணவுச் சேர்க்கை எண்ணான ஐஎன்எஸ் 508 (INS 508) என்றோ இருந்தால் வேண்டாம். சோடியம் குறைத்த சூப் பவுடர், சாஸ் ஆகியவற்றிலும் இதைத் தேடுங்கள். இந்துப்பு கிட்னிக்கு நல்லது என்ற பேச்சும் வீடுகளில் ஓடுகிறது. அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். தாகமும் உடலில் தங்கும் தண்ணீரின் எடையும் ஏறவே செய்யும்.

சாதாரண அயோடின் உப்பையே, டாக்டர் சொன்ன அளவை (பெரும்பாலும் நாளுக்கு 5 கிராமுக்குள்) காலையில் ஒரு சின்ன டப்பாவில் எடுத்துவைத்து அதற்குள் சமைப்பதுதான் சரி. குறையும் ருசிக்கு மிளகு, சீரகம், பூண்டு, பெருங்காயம், கொஞ்சம் எலுமிச்சை போதும். புளியில் பொட்டாசியம் அதிகம், அதைக் கூட்டாதீர்கள்.

தெரியாமல் சேர்த்துவிட்டால் நிறுத்திவிட்டு அன்றே டயாலிசிஸ் யூனிட்டில் சொல்லி ரத்தத்தில் பொட்டாசியம் பாருங்கள். கால் துவண்டாலோ, நாடி மெதுவானாலோ, படபடப்பு வந்தாலோ அடுத்த ஷிஃப்ட் வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். உப்பு பாக்கெட்டையும் கையோடு எடுத்துப் போனால் எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று டாக்டரால் கணக்கிட முடியும்.